மன அழுத்த மாத்திரையை நிறுத்துவது எப்படி: அவசரப்படாமல் படி இறங்கும் வழி

காசிமேட்டில் மீன் விற்கும் அம்மாள் ஒருவர் சில ஆண்டுகளுக்கு முன் ஒரு நாள் என் கடைக்கு வந்து தலைவலி மாத்திரை கேட்டார். கூடையை வாசல்படியில் இறக்கி வைத்துவிட்டுக் கல்லாவின் விளிம்பைப் பிடித்துக்கொண்டு அவர் நின்ற விதம், தலைவலிக்காரர் நிற்கும் விதமாக இல்லை. என்ன செய்கிறது என்று கேட்டேன். "கண்ண இப்டி திருப்புனா தலைக்குள்ள கரண்ட் அடிக்கிற மாறி கீதுண்ணா" என்று சொல்லி, கண்ணை இடமும் வலமும் திருப்பிக் காட்டினார். ஒவ்வொரு முறையும் அவர் தோள் லேசாகத் தூக்கிப்போட்டது. வேறு ஏதாவது மாத்திரை சாப்பிட்டுக்கொண்டிருந்தீர்களா என்று கேட்டதற்குச் சற்றுத் தயங்கி, "நரம்பு மாத்திர. நல்லாத்தான் கீறேன்னு போன வாரம் நிறுத்திட்டேன்" என்றார்.

அவர் நரம்பு மாத்திரை என்று சொன்னது மன அழுத்தத்துக்குக் கொடுக்கப்படும் பாராக்ஸெடின். ஒன்றரை ஆண்டு நாள் தவறாமல் சாப்பிட்டதை ஒரே நாளில் விட்டிருந்தார். வட சென்னையின் தண்டையார்பேட்டையில் மருந்துக்கடை வைத்து இருபது ஆண்டுகளுக்கு மேலாகிறது. இந்த மாத்திரைகளைத் தொடங்குபவர்களுக்கு எப்படித் தொடங்குவது என்று மருத்துவர் விளக்கமாகச் சொல்லி அனுப்புவதைப் பார்க்கிறேன். எப்படி நிறுத்துவது என்று தெரிந்துகொண்டு நிறுத்தியவர்களை அரிதாகவே பார்க்கிறேன். நிறுத்துவதும் சிகிச்சையில் ஒரு பகுதிதான், அதற்கும் முறை உண்டு, அந்த முறையில் கடைசிப் படிகளுக்குத்தான் அதிக நாள் ஆகும் என்பதை எடுத்துச் சொல்லவே இதை எழுதுகிறேன். நான் மருத்துவர் அல்லன். கீழே உள்ளவை உங்கள் மருத்துவரிடம் என்ன கேட்பது, எதைக் கவனிப்பது, எதைச் செய்யாதிருப்பது என்பதற்கு உதவும். அவரைக் கேட்காமல் நீங்களாகவே தொடங்கிவிட இவை போதா.

முதலில் ஒரு பயத்தை நீக்கிவிடுகிறேன். நிறுத்தியவுடன் உடம்பு படுத்துகிறது என்பதால் இது போதை மருந்து என்று பொருளில்லை. போதைப் பொருளுக்குள்ள ஏக்கமோ, நாளாக நாளாக அளவைக் கூட்டிக்கொண்டே போகும் தேவையோ இந்த மாத்திரைகளில் வருவதில்லை. மாதக்கணக்கில் செரடோனின் என்னும் மூளை வேதிப்பொருள் கூடுதலாகக் கிடைத்துவந்த நிலைக்கு மூளையின் நரம்பணுக்கள் தம்மைப் பழக்கிக்கொண்டிருக்கின்றன. அதை ஒரே நாளில் எடுத்துவிட்டால் பழைய நிலைக்குத் திரும்ப அவற்றுக்கு நேரம் போதுவதில்லை. தலைக்குள் மின்னதிர்வு, கிறுகிறுப்பு, குமட்டல், சளிக்காய்ச்சல் போன்ற உடல்வலி, வியர்வை, தூக்கமின்மை, விசித்திரமான கனவுகள், காரணமில்லாத அழுகை, சிடுசிடுப்பு எல்லாம் அந்த இடைவெளியில் வருபவை.

எல்லோருக்கும் வரும் என்றும் இல்லை. 2024ஆம் ஆண்டு லான்செட் சைக்கியாட்ரி இதழில் வெளிவந்த, பல ஆய்வுகளைத் தொகுத்து நோக்கிய ஆய்வில், மருந்தை நிறுத்தியவர்களில் சுமார் 31 சதவீதம் பேருக்கும், மருந்தே இல்லாத வெற்று மாத்திரையை நிறுத்தியவர்களில் சுமார் 17 சதவீதம் பேருக்கும் ஏதாவது ஒரு தொல்லை இருந்தது. அச்சத்தாலும் எதிர்பார்ப்பாலும் வருவதைக் கழித்துப் பார்த்தால், ஆறு ஏழு பேரில் ஒருவருக்கு மருந்தை விட்டதால் தொல்லை வருகிறது. கடுமையான தொல்லை சுமார் 35 பேரில் ஒருவருக்கு. நீண்ட காலம் சாப்பிட்டவர்களுக்கும், அதிக அளவு சாப்பிட்டவர்களுக்கும், முன்பு ஒரு முறை விட்டபோது துன்பப்பட்டவர்களுக்கும் இது கூடுதலாக இருக்கலாம். அந்த ஆறில் ஒருவர் நாமாக இருக்கக்கூடும் என்று எண்ணித்தான் திட்டமிட வேண்டும்.

இப்போதே நிறுத்த வேண்டுமா?

மாத்திரையை விடுபவர்கள் கடையில் சொல்லும் காரணங்களை நான் பல ஆண்டுகளாகக் கேட்டுவருகிறேன். நன்றாகிவிட்டது, எடை கூடுகிறது, தாம்பத்தியத்தில் நாட்டமில்லை, மாதச் செலவு கட்டவில்லை, மாலை போட்டிருக்கிறேன், பெண்ணுக்கு வரன் வந்திருக்கிறது. கடைசியாகச் சொன்னதுதான் என் மனத்தை அதிகம் வருத்துகிறது. கல்யாணப் பேச்சு தொடங்கிய வாரத்தில் மாத்திரை அட்டையைப் பீரோவுக்குள் ஒளித்துவிட்டு, புது வீடும் புது மனிதர்களும் தூக்கமில்லாத சடங்குகளும் சேர்ந்து நெருக்கும் காலத்தில் ஒரு பெண்ணை மருந்தில்லாமல் அனுப்பிவைப்பதைப் போன்ற கொடுமை வேறில்லை. எடையும் தாம்பத்தியச் சிக்கலும் உண்மையான பக்கவிளைவுகள். அவற்றை மருத்துவரிடம் வெட்கப்படாமல் சொன்னால், மருந்தை மாற்றவோ அளவைக் குறைக்கவோ வழியுண்டு. செலவுதான் காரணம் என்றால், அரசு மருத்துவமனையில் இதே வகை மருந்துகள் இலவசமாகக் கிடைக்கின்றன.

முதல் முறையாக மன அழுத்தம் வந்து குணமானவர்கள், குணமானபின் குறைந்தது ஆறு மாதமாவது மருந்தைத் தொடர வேண்டும் என்பது மருத்துவ உலகில் பொதுவாக ஒப்புக்கொள்ளப்பட்ட கணக்கு. நன்றாகிவிட்டது என்று தோன்றும் நாள்தான் அந்த ஆறு மாதத்தின் முதல் நாள். இரண்டு மூன்று முறை திரும்ப வந்தவர்களுக்கு இரண்டு ஆண்டுகளோ அதற்கு மேலோ தொடரும்படி மருத்துவர் சொல்லலாம். தற்கொலை முயற்சி செய்தவர்களுக்கும் அப்படியே. இங்கிலாந்தில் நடந்து 2021இல் வெளியான ஆன்ட்லர் ஆய்வில், நீண்ட நாள் சாப்பிட்டு நலமாக இருந்த 478 பேரில் ஒரு பாதியினர் மருந்தைத் தொடர்ந்தார்கள், மறு பாதியினர் படிப்படியாக நிறுத்தினார்கள். ஓராண்டுக்குள் நிறுத்தியவர்களில் 56 சதவீதம் பேருக்கும், தொடர்ந்தவர்களில் 39 சதவீதம் பேருக்கும் நோய் திரும்பியது. நிறுத்தியவர்களில் ஏறத்தாழ பாதிப் பேர் நலமாகவே இருந்தார்கள் என்பதையும் இதிலிருந்து படிக்கலாம். இரு பக்கத்தையும் தெரிந்துகொண்டு முடிவெடுங்கள். தொடர்ந்து சாப்பிடுவது என்று முடிவெடுத்தால் அதில் தோல்வி ஒன்றும் இல்லை. சர்க்கரைக்கும் ரத்தக் கொதிப்புக்கும் ஆண்டுக்கணக்கில் மாத்திரை சாப்பிடுபவரை நாம் குறை சொல்வதில்லை.

முடிவெடுத்தபின் காலத்தைத் தேர்ந்தெடுங்கள். இந்தப் பகுதிக்கென்று சில காலங்கள் உண்டு. ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரை 61 நாட்கள் விசைப்படகுகள் கடலுக்குப் போகாத தடைக்காலத்தில் மீனவக் குடும்பங்களில் வருமானம் நின்று கடன் ஏறும். அதே நாட்களில் கத்திரி வெயிலும் சேர்ந்துகொள்வதால், வரும் கிறுகிறுப்பு வெயிலாலா மருந்தாலா என்றே பிரித்தறிய முடியாது. வடகிழக்குப் பருவமழையில் வியாசர்பாடியும் புளியந்தோப்பும் கொருக்குப்பேட்டையும் தண்ணீரில் நிற்கும்போது மருத்துவரைப் பார்க்கப் போவதே பெரும்பாடு. பிள்ளைக்குத் தேர்வு, வீடு மாற்றம், வீட்டில் சாவு நடந்த மாதம், வேலை மாறிய மாதம் ஆகியவையும் வேண்டாம். பெரிய நெருக்கடியில்லாத மூன்று நான்கு மாதங்கள் கண்ணுக்குத் தெரியும்போது தொடங்குவது நல்லது. மழைக்காலத்தில் மருந்து நிறுத்தாதவர்கள்கூடப் பதினைந்து நாள் மாத்திரையைக் கையிருப்பில் வைத்துக்கொள்ள வேண்டும். வெள்ளத்தால் மாத்திரை கிடைக்காமல் போவதும் திடீரென்று நிறுத்துவதற்குச் சமம்தான்.

கருவுற்றிருப்பது தெரிந்த அன்றே பயந்து மாத்திரையை நிறுத்துபவர்கள் பலர். அப்படிச் செய்யாமல், அந்த வாரமே மனநல மருத்துவரையும் மகப்பேறு மருத்துவரையும் பாருங்கள். நிறுத்துவதா, தொடர்வதா, மாற்றுவதா என்பதை அவர்கள் இருவரும் சேர்ந்து சொல்ல வேண்டும். இருமுனை மனநோய் இருப்பவர்களும், இதனுடன் வேறு மனநல மருந்துகள் சாப்பிடுபவர்களும் இந்தக் கட்டுரையில் உள்ள கணக்கைத் தங்களுக்கென்று எடுத்துக்கொள்ளக் கூடாது.

அட்டையைத் திருப்பிப் படியுங்கள்

மாத்திரை அட்டையின் பின்புறம், வெள்ளித்தாளின் மேல் சிறிய எழுத்தில் உள்ளதை யாரும் படிப்பதில்லை. அங்கேதான் மூன்று செய்திகள் இருக்கின்றன.

முதலாவது, மருந்தின் பெயர். கம்பெனி போட்ட பெயரை விட்டுவிட்டு உள்ளே இருக்கும் மருந்தின் பெயரைப் பாருங்கள். எஸ்சிடாலோப்ராம், செர்ட்ராலின், பாராக்ஸெடின், ஃப்ளூவாக்ஸெடின், வென்லாஃபாக்சின், டெஸ்வென்லாஃபாக்சின், துலாக்ஸெடின், மிர்டாசபின், அமிட்ரிப்டிலின் என்று அவற்றில் ஏதாவது ஒன்று இருக்கும். நரம்பு வலிக்குத் துலாக்ஸெடினும், ஒற்றைத் தலைவலிக்கு அமிட்ரிப்டிலினும் சாப்பிடுபவர்கள் தமக்கு மன அழுத்தமே இல்லை என்பதால் உடனே விட்டுவிடலாம் என்று நினைக்கிறார்கள். எந்த நோய்க்காகச் சாப்பிட்டாலும் மூளை பழகுவது ஒன்றுதான்.

எந்த மருந்து என்பதைப் பொறுத்துத் தொல்லை வரும் வேகமும் மாறும். வென்லாஃபாக்சின் ரத்தத்தில் பாதியாகக் குறைய ஐந்து மணி நேரம் அளவே ஆகிறது. அது உடலில் மாறி உருவாகும் துணைப்பொருளுக்குப் பதினொரு மணி நேரம். பாராக்ஸெடினுக்கு ஏறத்தாழ ஒரு நாள். ஆகவே இவ்விரண்டையும் ஒரு வேளை மறந்தாலே சிலருக்கு மறுநாள் தலை சுற்றும். எஸ்சிடாலோப்ராமும் செர்ட்ராலினும் ஒரு நாளைச் சற்றே தாண்டுபவை. ஃப்ளூவாக்ஸெடின் நாட்கணக்கிலும், அதன் துணைப்பொருள் வாரக்கணக்கிலும் உடலில் தங்கித் தானே மெல்லக் குறைவதால், அதை விடுவது மற்றவற்றைவிட எளிது. வென்லாஃபாக்சினையோ பாராக்ஸெடினையோ விட முடியாமல் திணறுபவர்களைச் சில மருத்துவர்கள் முதலில் ஃப்ளூவாக்ஸெடினுக்கு மாற்றிவிட்டுப் பிறகு நிறுத்துவதற்கு இதுதான் காரணம்.

இரண்டாவது, அதே அட்டையில் இன்னொரு மருந்தின் பெயரும் இருக்கிறதா என்பது. இதை அழுத்திச் சொல்ல வேண்டும். எஸ்சிடாலோப்ராமும் குளோனாசெபாமும் ஒரே மாத்திரைக்குள் சேர்ந்து வருவது நம் ஊரில் மிகவும் வழக்கம். குளோனாசெபாம் பதற்றத்தையும் தூக்கமின்மையையும் குறைக்கும் வேறு வகை மருந்து. அது பழக்கத்தை உண்டாக்கக்கூடியது, நீண்ட நாள் சாப்பிட்டுத் திடீரென விட்டால் வலிப்பு வரையில் கொண்டுபோகக்கூடியது. இந்தச் சேர்க்கை மாத்திரையைப் பாதியாக வெட்டினால் இரண்டு மருந்துகளும் ஒரே நேரத்தில் பாதியாகின்றன, வரும் தொல்லை எதனால் என்று மருத்துவராலும் சொல்ல முடியாமல் போகிறது. "இரண்டையும் தனித்தனி மாத்திரையாக எழுதிக் கொடுங்கள், ஒன்றை முடித்துவிட்டு மற்றதைக் குறைக்கிறேன்" என்று மருத்துவரிடம் கேளுங்கள். எதை முதலில் குறைப்பது என்பதை அவர் சொல்வார்.

மூன்றாவது, பெயரின் வாலில் எஸ்.ஆர்., எக்ஸ்.ஆர்., ஈ.ஆர்., சி.ஆர். போன்ற எழுத்துகள் இருக்கின்றனவா என்பது. இவை நாள் முழுவதும் சிறிது சிறிதாகக் கரையும்படி செய்யப்பட்டவை. வெட்டினாலோ பொடித்தாலோ அந்த அமைப்பு உடைந்து, முழு நாளுக்கான மருந்தும் சில மணி நேரத்தில் கரைந்துவிடும். துலாக்ஸெடின் கேப்சூலுக்குள் இருக்கும் மணிகள் வயிற்று அமிலத்திலிருந்து காக்கும் பூச்சுக் கொண்டவை, அவற்றையும் நசுக்கக் கூடாது. இத்தகைய மாத்திரை சாப்பிடுபவர்கள் குறைந்த அளவில் கிடைக்கும் வேறு அட்டைக்கு மாற வேண்டும், அல்லது மருத்துவர் வேறு மருந்துக்கு மாற்றித் தர வேண்டும்.

படி இறங்கும் கணக்கு

பாதியாக்கு, பிறகு பாதியில் பாதியாக்கு, பிறகு விட்டுவிடு என்பதுதான் பெரும்பாலோர் வைத்திருக்கும் கணக்கு. மருந்தின் வேலை அப்படி நேர்க்கோட்டில் போவதில்லை. எஸ்சிடாலோப்ராமின் மூத்த உடன்பிறப்பான சிட்டாலோப்ராமை எடுத்துக்கொள்வோம். அது மூளையில் செரடோனினைத் திரும்ப உறிஞ்சும் வாயில்களில் எத்தனை சதவீதத்தை அடைக்கிறது என்று மூளைப் படங்களை வைத்து அளந்திருக்கிறார்கள். நாளைக்கு 60 மில்லிகிராம் சாப்பிட்டால் 88 சதவீதம் அளவுக்கு அடைபடுகிறது, 20 மில்லிகிராமில் 80 சதவீதம், வெறும் 9 மில்லிகிராமிலும் 70 சதவீதம். ஆகவே 60இலிருந்து 20க்கு இறங்கும்போது, 40 மில்லிகிராமைக் குறைத்தும் மூளைக்குத் தெரிவது எட்டு சதவீத வேறுபாடுதான். 9இலிருந்து ஒன்றுமில்லாமைக்கு இறங்கினால் எழுபது சதவீதத்தையும் ஒரே நாளில் பறித்துவிடுகிறோம். 2019இல் மார்க் ஹோரோவிட்ஸ், டேவிட் டெய்லர் என்னும் ஆய்வாளர்கள் இந்தக் கணக்கை விளக்கி, அளவு சிறிதாகச் சிறிதாகக் குறைக்கும் பங்கும் சிறிதாக வேண்டும் என்று எழுதினார்கள். பாதி வரை சுகமாக வந்தேன், அதற்குக் கீழே போகவே முடியவில்லை என்று கடையில் எத்தனையோ பேர் சொன்னதற்கு எனக்கு விடை கிடைத்தது அப்போதுதான். மலைக்கோயில் படியில் இறங்குபவருக்கு மேலே படிகள் தாழ்வாகவும் அடிவாரத்தில் செங்குத்தாகவும் இருந்தால் எங்கே காலை ஊன்றி இறங்க வேண்டுமோ, அங்கேதான் இங்கும் மெதுவாக இறங்க வேண்டும்.

எடுத்துக்காட்டாக, இரண்டு மூன்று ஆண்டுகள் எஸ்சிடாலோப்ராம் 10 மில்லிகிராம் சாப்பிட்ட ஒருவருக்கு மருத்துவர் எழுதிக் கொடுக்கும் பாதை இப்படி இருக்கலாம். முதலில் ஏழரை, பிறகு ஐந்து, பிறகு இரண்டரை, பிறகு ஒன்றேகால், அதற்கும் கீழே துளி அளவில் ஓரிரு படிகள். ஒவ்வொரு படியிலும் இரண்டு முதல் நான்கு வாரம். படி இறங்கி, வந்த தொல்லை முழுதும் அடங்கி, சில நாள் நிம்மதியாக இருந்தபின்தான் அடுத்த படி. நாட்காட்டி சொல்கிறது என்பதற்காக இறங்காதீர்கள், உடம்பு சொல்ல வேண்டும். சில வாரங்கள் மட்டுமே சாப்பிட்டவருக்கு ஒரு மாதத்தில் முடிந்துவிடலாம், பல ஆண்டுகள் சாப்பிட்டவருக்கு அரை ஆண்டோ அதற்கு மேலோ ஆகலாம். இந்த எண்களை அப்படியே எடுத்துக்கொள்ளாமல், மருத்துவர் முன் இதே போன்ற ஒரு தாளை வைத்து உங்களுக்கானதை எழுதி வாங்குங்கள்.

கோடு போட்ட சாதாரண மாத்திரையை வெட்டுவதற்கு மருந்துக்கடைகளில் சிறு டப்பி போன்ற மாத்திரை வெட்டி கிடைக்கிறது. காய்கறிக் கத்தியைவிட அதில் துண்டுகள் ஒழுங்காக விழும். மாத்திரையின் கோடு பிளேடுக்கு நேராக வரும்படி வைத்து, மூடியை ஒரே அழுத்தில் மூடுங்கள். தயங்கித் தயங்கி அழுத்தினால் நொறுங்கும். ஒரு நேரத்தில் ஒரு மாத்திரையை மட்டும் வெட்டி, அதன் துண்டுகளை அடுத்தடுத்த நாட்களில் சாப்பிட்டு முடித்த பிறகே அடுத்ததை வெட்டுங்கள். ஒரு துண்டு சற்றுப் பெரிதாக இருந்தாலும் மறுநாள் துண்டு அதை ஈடுகட்டிவிடும். கடற்காற்றின் ஈரத்தில் வெட்டிய துண்டு ஒரே வாரத்தில் பொதபொதவென்றாகிவிடும், ஆகையால் இறுக மூடும் சிறு டப்பாவில் வையுங்கள். கால் துண்டுக்குக் கீழே கையால் வெட்டுவது சரியாக வராது. அங்கே திரவ மருந்தாகக் கிடைக்குமா, குறைந்த அளவு மாத்திரை உண்டா என்று மருத்துவரையும் கடைக்காரரையும் கேளுங்கள்.

ஒரு நாள் விட்டு ஒரு நாள் சாப்பிடுவது என்னும் வழியைக் கைவிடுங்கள். இதைச் சொல்லும்போது எனக்குக் குற்ற உணர்வு உண்டு. தொழிலின் தொடக்கத்தில் இதே அறிவுரையை நானும் பலருக்குக் கொடுத்திருக்கிறேன், அதனால் துன்பப்பட்டவர்களும் இருந்திருப்பார்கள். ஒரு நாள் விட்டுச் சாப்பிட்டால் மருந்தின் அளவு ரத்தத்தில் மெல்லக் குறையாமல் ஏறி இறங்கிக்கொண்டே இருக்கும். ஃப்ளூவாக்ஸெடின் போல நெடுநாள் தங்கும் மருந்தைத் தவிர மற்றவற்றில் அது வாரத்துக்கு மூன்று முறை திடீரென நிறுத்துவதற்கு ஒப்பாகும். குடிக்கும் ஆண்கள் பலர் மாத்திரையும் சாராயமும் சேரக் கூடாது என்று கேள்விப்பட்டு, சனி ஞாயிறுகளில் மாத்திரையை விட்டுவிட்டுக் குடிக்கிறார்கள். திங்கட்கிழமை தோறும் வரும் நடுக்கத்துக்கும் எரிச்சலுக்கும் குடிதான் காரணம் என்று வீட்டில் சண்டை நடக்கிறது, விட்ட மாத்திரையைப் பற்றி யாருக்கும் தெரிவதில்லை. நோன்பு இருப்பவர்கள் மாத்திரையை விட வேண்டியதில்லை. ஒரு வேளை மாத்திரையைப் பெரும்பாலும் நோன்பு திறந்த பிறகோ, விடியலுக்கு முன் உண்ணும் சஹரிலோ மாற்றிக்கொள்ள முடியும், மருத்துவரிடம் கேட்டு மாற்றுங்கள்.

நோட்டுப் புத்தகம்

பிள்ளைகள் மிச்சம் வைத்த நாற்பது பக்க நோட்டு ஒன்று போதும். தேதி, சாப்பிட்ட அளவு, தூங்கிய மணி நேரம், உடலில் வந்த தொல்லை, மனநிலைக்குப் பத்துக்கு எத்தனை என்று ஒரு நாளைக்கு ஒரு வரி எழுதுங்கள். எழுதத் தெரியாதவர்களுக்கு வீட்டில் ஒருவர் எழுதட்டும். மீன் விற்கும் அந்த அம்மாளுக்கு அவருடைய பேத்திதான் எழுதினாள். மருத்துவர் பழைய அளவிலேயே மாத்திரையைத் திரும்பத் தொடங்கச் சொன்னார், மூன்று நாளில் மின்னதிர்வு நின்றது, அதன்பின் ஏழு மாதம் எடுத்துக்கொண்டு அவர் இறங்கினார். ஒவ்வொரு படி இறங்கியபின்னும் நான்காம் ஐந்தாம் நாளில் "பாட்டி கத்துது" என்ற குறிப்பும், பத்தாம் நாளுக்குமேல் ஒன்றுமில்லாத வரிகளும் அந்த நோட்டில் தவறாமல் வந்தன. அதை வைத்துத்தான் அடுத்த படிக்கு முன் வீட்டார் தயாரானார்கள்.

இறங்கும் முதல் வாரத்தில் வாகனம் ஓட்டுபவர்கள் மிகவும் கவனமாக இருக்க வேண்டும். மணலிக்கும் துறைமுகத்துக்கும் இடையே கன்டெய்னர் லாரி ஓட்டுபவர், கிரேன் இயக்குபவர், படகில் போகிறவர், சாரத்தில் ஏறி வேலை செய்பவர் ஆகியோர் விடுமுறைக்கு முந்தைய நாளில் படி இறங்கி, தலை சுற்றுகிறதா என்று பார்த்துவிட்டு வேலைக்குப் போகலாம். சுற்றினால் அன்று போகக் கூடாது. தூக்கம் கெட்டுவிட்டதே என்று பக்கத்து வீட்டில் தூக்க மாத்திரை வாங்கிப் போடாதீர்கள். ஒன்றிலிருந்து இறங்கிக்கொண்டே இன்னொன்றில் மாட்டிக்கொள்வது அப்படித்தான். மாலைக்குமேல் டீ, காபி வேண்டாம், குடி அறவே வேண்டாம்.

வந்தது மருந்தை விட்டதால் வரும் தொல்லையா, திரும்பி வந்த நோயா?

இதைப் பிரித்தறியாமல்தான் பலர், பார் உனக்கு நோய் போகவேயில்லை என்ற சொல்லைக் கேட்டு, தேவையில்லாமல் ஆண்டுக்கணக்கில் மாத்திரையைத் தொடர்கிறார்கள். சிலர் நோய் உண்மையாகவே திரும்பியபோது, மருந்தை விட்டதால் வரும் தொல்லைதான் என்று பொறுத்துக்கொண்டு முற்றவிடுகிறார்கள்.

மருந்தை விட்டதால் வரும் தொல்லை, குறைத்த சில நாட்களுக்குள் தொடங்கும். மனத்தோடு உடம்பும் சேர்ந்து படும். முன்பு நோயின்போது இல்லாத மின்னதிர்வு, கிறுகிறுப்பு போன்றவை இருக்கும். பழைய அளவைத் திரும்பச் சாப்பிட்டால் பெரும்பாலும் சில நாட்களில் அடங்கிவிடும். திரும்பி வரும் நோய், வாரங்கள் மாதங்கள் கழித்து ஓசையில்லாமல் வரும். முதலில் வந்தபோது எப்படித் தொடங்கியதோ அப்படியே தொடங்கும். விடியற்காலை மூன்று மணிக்கு விழிப்பு, குளிக்கச் சோம்பல், பிடித்த சீரியலைப் பார்க்கவும் மனமில்லாமை, எல்லாவற்றுக்கும் நானே காரணம் என்ற எண்ணம். மாத்திரையை மீண்டும் தொடங்கினாலும் தெளிய வாரங்கள் ஆகும். மருந்தை விட்டதால் வரும் தொல்லை சிலருக்கு மாதக்கணக்கிலும் நீள்வதுண்டு என்பதால், இந்தக் கோடு எப்போதும் தெளிவாகத் தெரியாது. அங்கேதான் நோட்டில் உள்ள தேதிகள் மருத்துவருக்கு உதவும்.

தொல்லை லேசாக இருந்தால் அதே படியில் இன்னும் சில வாரம் நில்லுங்கள். தாங்க முடியவில்லை என்றால் மருத்துவரிடம் சொல்லிவிட்டு முந்தைய படிக்கு ஏறுங்கள், அங்கிருந்து இன்னும் சிறிய படிகளாக வகுத்து இறங்குங்கள். ஏறுவதில் அவமானம் எதுவும் இல்லை, செலவான நாட்களும் வீணில்லை.

சாக வேண்டும் என்ற எண்ணம் வந்தால், இருப்புக்கொள்ளாமல் நடந்துகொண்டே இருக்க வைக்கும் படபடப்பு வந்தால், தூக்கமே இல்லாமல் அளவுக்கு மீறிய உற்சாகமும் பேச்சும் செலவும் வந்தால், குழப்பமோ வலிப்போ வந்தால், அது காத்திருக்கும் நேரமில்லை. அன்றே அவசரப் பிரிவுக்குப் போங்கள், 108ஐ அழையுங்கள். உயிர் பற்றிய எண்ணத்தோடு இருப்பவரைத் தனியே விடாதீர்கள், வீட்டில் உள்ள மாத்திரைகளை எல்லாம் வேறொருவர் எடுத்து வைத்துக்கொள்ள வேண்டும். பேச ஆள் வேண்டும் என்றால் 14416 என்ற இலவச எண்ணில் இரவு பகல் எந்நேரமும் தமிழில் பேசலாம்.

எங்கே போவது

மருந்து எழுதிய மருத்துவரிடமே போவது முதல் தேர்வு. அவரைப் பார்க்க வழியில்லாதவர்களுக்கு, பழைய சிறைச்சாலை சாலையில் உள்ள ஸ்டான்லி அரசு மருத்துவமனையில் மனநலப் பிரிவு இருக்கிறது. வண்ணாரப்பேட்டை, ராயபுரம், தண்டையார்பேட்டை மக்களுக்கு அதுவே அருகில். பெரம்பூர், அயனாவரம் பக்கம் இருப்பவர்களுக்குக் 1794இல் தொடங்கி இப்போது கீழ்ப்பாக்கத்தில் இயங்கும் அரசு மனநல மருத்துவமனை எட்டும் தூரத்தில் உள்ளது. கீழ்ப்பாக்கம் என்ற சொல்லையே வசையாக்கி வைத்திருக்கிறது இந்த ஊர். அந்த வசைக்கு அஞ்சி ஒருவர் சிகிச்சையை விடுவது எனக்குத் தாங்க முடியாத வருத்தம். அங்கே வெளிநோயாளியாக வந்து மாத்திரை வாங்கிக்கொண்டு அன்றே வீடு திரும்புபவர்கள் ஏராளம்.

வெளிநோயாளிப் பிரிவில் கூட்டம் அதிகம், மருத்துவருக்குக் கிடைப்பது சில நிமிடங்கள். ஆகவே பழைய ஓ.பி. சீட்டுகள், கையில் உள்ள மாத்திரை அட்டைகள், நோட்டு மூன்றையும் கொண்டுபோய், கேள்விகளை முதலிலேயே எழுதி வைத்திருங்கள். எனக்கு எந்த மருந்து, எத்தனை நாளாக, எப்போது நிறுத்தலாம், எந்தப் படியில் எத்தனை வாரம், இடையில் தொல்லை வந்தால் யாரைப் பார்ப்பது? நிறுத்த வேண்டாம் என்று அவர் சொன்னால் காரணத்தைக் கேளுங்கள், எப்போது மீண்டும் பேசலாம் என்றும் கேளுங்கள். அரசு மருந்தகத்தில் மாத்திரையின் நிறமும் அட்டையும் மாறக்கூடும், உள்ளே இருக்கும் மருந்தின் பெயரும் மில்லிகிராமும் மாறவில்லையே என்று வாங்கும் இடத்திலேயே பாருங்கள்.

கடைசி மாத்திரைக்குப் பிறகு

கடைசித் துண்டு விழுங்கிய தேதியை நோட்டில் வட்டமிட்டு வையுங்கள். அதற்கு ஒரு மாதம் கழித்தும், மூன்று மாதம் கழித்தும், ஆறு மாதம் கழித்தும் மருத்துவரைப் பார்க்கும் நாட்களை இப்போதே குறித்துக்கொள்ளுங்கள். நன்றாக இருந்தாலும் போங்கள். நோய் திரும்பும் வாய்ப்பு முதல் ஆறு மாதங்களில்தான் கூடுதல். விடியற்காலை விழிப்பு, சாப்பாட்டில் வெறுப்பு என்று உங்களுக்கு முதலில் வரும் இரண்டு அறிகுறிகளை வீட்டில் ஒருவரிடம் சொல்லி வையுங்கள். நம் கண்ணுக்குத் தெரியும் முன் அவர்கள் கண்ணுக்குத் தெரிந்துவிடும். பேச்சு வழிச் சிகிச்சையில் இருந்தவர்கள் மருந்தோடு அதையும் சேர்த்து விட்டுவிடாமல் இன்னும் சில மாதம் தொடருங்கள், காலை நடையையும் நேரத்துக்குத் தூங்குவதையும் அப்படியே வைத்துக்கொள்ளுங்கள்.

மீந்த அட்டைகளை, எனக்கு நன்றாகக் கேட்டது என்று தெருவில் யாருக்கும் கொடுக்காதீர்கள். ஓரிரு மாதம் நலமாகக் கழிந்தபின் மிச்சத்தை உங்கள் மருந்துக்கடையில் காட்டி, எப்படி அப்புறப்படுத்துவது என்று கேளுங்கள். நோட்டை மட்டும் எறிய வேண்டாம், ஓ.பி. சீட்டுகளோடு அதே பையில் இருக்கட்டும். பிற்காலத்தில் மருந்து மீண்டும் தேவைப்பட்டால், எந்த மருந்து ஒத்துக்கொண்டது, எந்தப் படியில் கால் தடுக்கியது என்பதைப் புது மருத்துவர் அதில் பார்த்துக்கொள்வார்.